பதினோராவது பத்தி

பதினான்காம் மாடியில் மொழிபெயர்ப்பாளர் கூண்டு.
கண்ணாடிக்கு அப்பால் மரினா நீரிணையில்
கப்பல்கள் முறைக்குக் காத்து நிற்கின்றன.
இப்பால் நான்,
காதில் ஒரு மொழி, வாயில் ஒரு மொழி.
அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும்.
நூருன்னிசாவுக்குக் காய்ச்சல். இன்று முழுக்க நானே.

மேசையில் இரண்டு கோப்புகள்.
ஒன்றில் சட்டைகளுக்கு வரிச்சலுகை,
பொத்தான்வரை எண்ணிப் பேசி முடித்தாயிற்று.
மற்றது கண்காணிப்புக் குழுவின் அறிக்கை.
இதில் கையெழுத்து விழாமல்
அது கப்பலேறாது என்பது விதி.
விதிக்குள்ளேயே
"இயன்றவரை" என்று ஒரு சொல்லும் உட்கார்ந்திருக்கிறது.

திருமதி புஷ்பகாந்திக்கு ஏழு நிமிடம்.
குளிருக்கு நேற்று முஸ்தபாவில் வாங்கிய கம்பளிச் சட்டை,
பிடரியில் விலைச்சீட்டு இன்னும் ஆடுகிறது.
"அஞ்சு பேர் வந்தவை.
அவரைக் கூட்டிக்கொண்டு போனவை."

என் தமிழில் அது அஃறிணை.
அவர் தமிழில் மரியாதை.
கணவனை ஏற்றிப் போனவர்களுக்கும்
மரியாதை விகுதி தவறவில்லை.
கூட்டிக்கொண்டு போவது:
காலையில் பொங்கோல் பாலர் பள்ளிக்கு
மகளோடு நான் செய்வதும் அதே வினைதான்.
ஆங்கிலத்தில் நான்கு சொற்கள் நாக்கில் வந்து நின்றன.
ஒன்றில் வாரண்டு இருந்தது,
ஒன்றில் வெள்ளை வேன்.
மூச்சு விடும் நேரத்துக்குள் ஒன்றைச் சொன்னேன்.
எதைச் சொன்னேன் என்று
ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாலு மணிக்கு வரைவு வந்தது.
பதினோராவது பத்தியில் காலையில்
"காணாமல் ஆக்கப்பட்டோர்" என்றிருந்தது.
இப்போது "காணாமல் போனோர்".

குடை காணாமல் போகும்.
ஈசிலிங்க் அட்டை காணாமல் போகும்.
போனவர் தாமே போனார் என்று
வினைமுற்று சாட்சி சொல்லிவிடும்.
ஆக்கப்பட்டார் என்றால்
ஆக்கியது யார் என்று வாக்கியமே எழுந்து கேட்கும்.
கேட்கிற வாக்கியத்தோடு
யார் ஒப்பந்தம் போடுவார்கள்?

"தமிழ்ப் பிரதி சும்மா தகவலுக்குத்தான்,"
என்றார் செயலகத்து திரு. குவா, கனிவாகவே.
"முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும்."
செல்லட்டும்.
தமிழில் மட்டும் பழையபடி திருத்தினேன்.
வீரம் ஒன்றுமில்லை;
யாரும் படிக்காத பக்கத்தில்
யாரும் தடுக்கவும் இல்லை.

கைகுலுக்கல். ஆர்க்கிட் மலர்கள். படம்.
"ஆழ்ந்த கரிசனையுடன் கவனத்தில் கொள்ளப்பட்டது."
இந்த வாக்கியத்திலும்
கொண்டவரைக் காணோம்.

மின்தூக்கியில் நாங்கள் இருவர் மட்டும்.
அவர் பிடரிச் சீட்டை மெல்லக் கிள்ளி எடுத்தேன்:
பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
சட்டை எந்த நாட்டில் தைத்ததென்று
அதில் போட்டிருந்தது.
சீட்டைக் கைக்குள் மடித்துக்கொண்டேன்.

ஆறாம் மாடி தாண்டும்போது கேட்டார்:
"தங்கச்சி, நான் சொன்னது
அவைக்கு விளங்கினதோ?"

அவை.
அவர்கள் என்றா கேட்கிறார்,
சபை என்றா,
என் இலக்கணம் சொல்லும் உயிரற்றவை என்றா?
எந்தப் பொருளுக்கு
நான் பதில் சொல்ல?

கதவு திறந்தது.