ஓப்பலுக்குள் சொன்னவை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்:
தவயோகனுக்குப் படம் பார்க்கத் தெரியாது.
எஸ்ஸனில் ஞாயிறு காலைக் காட்சி.
கதாநாயகன் செத்து, பிழைத்து, மறுபடி சாகிறான்,
என் கைக்குட்டை நனைந்துவிட்டது.
இந்த மனுசன் காதருகே குனிந்து
"அந்த லொறிக்குப் பின் சில்லில காத்துக் காணாது" என்கிறார்.

துரத்தல் காட்சியில்
கியர் மாற்றும் சத்தம் ஏழு தரம் கேட்டதாம்,
அந்த வண்டிக்கு ஐந்து கியர்தானாம்.
இருந்து எண்ணியிருக்கிறார்.
நானும் எண்ணினேன், வேறொன்றை:
கதாநாயகி மொத்தம் பதினாறு தரம் வாய் திறந்தாள்,
அதில் ஒன்பது "ஐயோ".

இரவு ஒன்பதரைக்குப் பார்மனில் என்னை ஏற்றுவார்.
ஃபோவிங்கலில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலை வரைக்கும்
இருபது நிமிடம்,
சிவப்பு விளக்கு சரிவராவிட்டால் இருபத்தைந்து.
இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஓப்பல்.
முன்பெட்டி குத்தினால்தான் திறக்கும்.
ஹீட்டர் இடது காலை மட்டும் நேசிக்கும்.
பின் சீட்டில் போலந்துக்காரி டொரோத்தா,
மடியில் சாப்பாட்டு டப்பா.
எங்கள் பாட்டில் ஒரு சொல் விளங்காது,
ஆனாலும் கேட்பாள்:
"இவன் அழுகிறானா, வென்றுவிட்டானா?"
இரண்டும்தான் என்பேன்.
"அப்படியென்றால் மேளக்காரனை வெளியே அனுப்பு."
இதைவிட நல்ல விமர்சனம்
நான் எங்கும் வாசித்ததில்லை.

டி.வி. பற்றியும் சண்டைதான்.
ஜெர்மன்காரரின் நாடகத்தில்
எட்டேகாலுக்குப் பிணம் கிடைக்கும்,
ஒன்பதே முக்காலுக்குக் கொலைகாரன் மனம் வருந்துவான்,
பத்துக்கு ஊரே பல் விளக்கிப் படுத்துவிடும்.
அதுதான் ஒழுங்கு என்பது தவயோகன் கட்சி.
எங்கட சீரியலில்
எண்ணூறாவது நாளும்
நஞ்சு கலந்த பால்
மேசையிலேயே ஆறிக்கொண்டிருக்கிறதாம், வெட்கக்கேடாம்.
எனக்கு ஆறுகிற பால்தான் பிடிக்கும் என்றேன்.
குடிக்காதவரை
எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.

அவர் பதில் சொல்லவில்லை.
வைப்பரைப் போட்டார்.
மழை இல்லை.

கார்த்திகையில் டியூவ் பரிசோதனை.
அடித்தகட்டில் துரு;
கையை விட்டால் தெருவைத் தொடலாம்
என்றானாம் பரிசோதித்தவன்.
தவயோகன் அதை ஒரு சாவுச் செய்தியைப் போல,
ஆனால் சிரித்துக்கொண்டு, போனில் சொன்னார்.

அதன்பிறகு மூவரும் தொங்கு ரயிலில்.
வெளிச்சம் கூட, ஆட்கள் கூட.
தமிழில் கொஞ்சம் உரத்தால் நாலு தலை திரும்புகிறது.
ஓப்பலுக்குள் கம்பீரமாக ஓடிய எங்கள் உடைந்த ஜெர்மன்
இங்கே ஒவ்வொரு வேற்றுமையாகத் தடவிப் பார்த்து
இறங்குகிற படியைத் தேடுகிறது.
கீழே வுப்பர் ஆறு.
ஆற்றைப் பற்றி எங்களுக்குக் கருத்து எதுவும் இல்லை.
டொரோத்தா டப்பாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.
மூன்று மாதம் இப்படியே.

மாசியில் கார் எடுத்தார்.
பழையதுதான், ஆனால் மின்சாரம், வெள்ளை.
ஓடுவதே தெரியாது,
ஃப்ரிட்ஜுக்குள் உட்கார்ந்து போவது போல.
கார் என்றால் கொஞ்சமாவது முறைப்பாடு வைக்க வேண்டாமா?
முன்பெட்டி விரல் பட்டதும் திறந்துகொள்கிறது,
குத்தப் போன என் கை நடுவழியில் நின்றது.
"எப்பிடி?" என்று கேட்டார்.
இத்தனை வருசத்தில்
அவர் என் கருத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை.
"பரவாயில்லை" என்றேன்.
பொய்.

பாட்டைப் போட்டார்.
பழைய அதே பாட்டு.
மேளத்துக்கு அடியில் ஒரு வயலின் இருந்திருக்கிறது.
ஓப்பலின் இரைச்சலில்
ஒருநாளும் எங்களுக்கு அது கேட்டதில்லை.
ஒருவரும் கதைக்கவில்லை.
பின்னாலிருந்து டொரோத்தா மெல்ல,
"அழுகிறான்" என்றாள்.
இந்த முறை அது கேள்வி இல்லை.

தவயோகன் வைப்பரைப் போட்டார்.
கார், கண்ணாடியைத் தடவிப் பார்த்து,
மழை இல்லை என்று தானே நிறுத்திவிட்டது.

அந்தக் காரைப் பற்றிய என் முடிவு
அங்கேயே எழுதப்பட்டது.