ஒரே மூச்சில் ஐந்து நிறுத்தங்கள்

கடல்மட்டத்தில் உட்கார்ந்து எழுதிய அட்டவணை அது.
தொண்ணூறுக்குக் கீழே போனால் தீவிரம் என்கிறது.
எல் ஆல்டோவில், நாலாயிரம் மீட்டர் உயரத்தில்,
ஆஸ்பத்திரி வாசலில் சோளக்கஞ்சி விற்கும்
செனோவியாவின் விரலில் கருவியை மாட்டினேன்.
எண்பத்தெட்டு.
மறு கையால் சில்லறை எண்ணிக்கொண்டே சிரித்தாள்.
அட்டவணைப்படி அவளுக்கு ஒரு கட்டில் வேண்டும்.
எனக்கும்.

பெர்மின் லாருத்தா, நாற்பத்தொன்று.
மினிபஸ் கதவில் தொங்கியபடி ஊர் கூவுகிறவன்.
காய்ச்சல் கண்ட நாலாம் நாள் வந்தான்,
நடந்தேதான் வந்தான்.
வறட்டு இருமல். முப்பத்தெட்டரை.
தொடையெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி.
கோக்கா இலையைக் கசக்கி மூக்கருகே பிடித்தால்
காகிதம், டாக்டர், என்றான்.
எண்பத்தொன்று.
உதடு நீலமா என்று பார்த்தேன்;
இந்தக் குளிரில் எல்லார் உதடும் கத்தரிப்பூ நிறம்.

மூச்சு முட்டுதா?
இல்லை.
அந்த இல்லையை நான் நம்பவில்லை.
நிமிடத்துக்கு முப்பது தடவை விலா ஏறி இறங்குகிறது,
அவன்பாட்டுக்கு டீசல் விலையைத் திட்டுகிறான்.
பேச்சு மட்டும்
பல் போன சீப்பு மாதிரி, இடைவெளி விட்டு விட்டு.

உன் ரூட்டைக் கூவு, என்றேன். ஒரே மூச்சில்.

சேஹா, க்ரூஸே வியாச்சா, புவெந்தே வேலா...
வண்டி அங்கேயே நின்றது.
செங்காட்டாவும் வெந்தில்யாவும்
நெஞ்சுக்குள் எங்கோ ஏற இடமில்லாமல்.

எழுதினேன்: மூன்று.

ஐந்தாம் நாள் இரண்டு.
எக்ஸ்ரேயில், இரண்டு நுரையீரலின் அடியிலும்,
யாரோ மூச்சு விட்டுத் துடைக்காத கண்ணாடி.
ஆறாம் நாள் 'சே', அப்புறம் இருமல்.
குப்புறப் படுக்கவைத்தோம்.
லிஃப்ட் பழுது. நியெவெஸ் சிலிண்டரை
படிப்படியாக மாடிக்கு ஏற்றினாள், பிள்ளையைப் போல் இடுப்பில் அணைத்து.

அடுத்த கட்டிலில் வாரா, பதினெட்டு.
மூக்கொழுகல், தலைவலி, ராத்திரியெல்லாம் ஒப்பாரி:
செத்துருவேன், செத்துருவேன்.
லேசானது என்று எழுதி அனுப்பிவைத்தோம்.
சத்தம் போடுகிறவர்களிடம் மூச்சு இருக்கிறது.

தீவிர நிலை என்ற கட்டத்தில்
இதென்ன, 'க்ரூஸே வியாச்சா வரை'?
தலைமை மருத்துவர் கேட்டார். விளக்கினேன். திட்டினார்.
மறுநாள் சுற்றில் அவரே குனிந்து
அவன் காதருகே, மெல்ல,
சேஹா, என்றார்.

பதினேழாம் நாள் பெர்மின் வீட்டுக்குப் போனான்.
நாலு நிறுத்தம்.
ஐந்தாவதைக் கேட்க எனக்கு நேரமில்லை,
அவன் படுக்கை விரிப்பு ஆறுவதற்குள் வேறொருவர்.

ஜூலையில் எனக்கே வந்தது.
அட்டவணையில் அதற்குப் பெயர் மிதம்.
எழுதியவர் ஒருநாளும் படுத்துப் பார்க்கவில்லை போல.
மிதம் என்றால்
ஆறாம் படியில் உட்கார்ந்துவிடுவது.
காப்பி வெறும் வெந்நீராவது.
தலையணையை மாற்றிப் போட்டதற்கே நெஞ்சு படபடப்பது.

பிறகு ஒரு காலை, மினிபஸ்ஸில்,
கதவில் யாரோ ஒரு பையன், பெர்மின் இல்லை,
ஐந்தையும் அள்ளி வீசினான் தெருவில்.
முகக்கவசத்துக்குள் நானும் கூடவே தொடங்கினேன்.
புவெந்தே வேலாவில் நின்றுபோனேன்.

இங்கேயா இறங்குறீங்க? என்றான்.
இல்லை, என்றேன்,
இன்னும் இரண்டு இருக்கு.