மூன்றாவது கட்டம்

லிஸ்பன் நகரம் முடிகிற இடத்தில்
ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே
ஒரு சரிவு.
அளவு நாடாவும் படிவமுமாய்
அங்கே போனவன் நான்.
நகராட்சிச் சம்பளம், மழைக்கோட்டும் அவர்களுடையது.

முதல் கட்டம், பரப்பு: எழுதிவிட்டேன்.
இரண்டாவது, உரிமையாளர்: நாங்கள்தான்.
மூன்றாவது கட்டம் கேட்கிறது,
நிலத்தின் தற்போதைய பயன் என்ன?
பதிலுக்கு விட்டிருக்கும் இடம்
ஒன்றரை அங்குலம்.

பழைய கோப்பில் ‘பயன் ஏதுமில்லை’ என்றிருக்கிறது.
எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன்.
அன்று இங்கே விளைந்தவை
குளிர்பெட்டிக் கதவுகள்,
டயருக்குள் தேங்கிய நீர்,
நீருக்குள் கொசு.

இப்போது துவரை நிற்கிறது,
என் தோளுக்கு மேலே, மஞ்சளாய்ப் பூத்து.
‘கோங்கோ பயறு’ என்று திருத்துகிறாள் சுல்மிரா.
கேப் வெர்திக்காரி.
விடியுமுன் ரயிலேறி
வங்கிகளின் தரையைத் துடைத்துவிட்டு
பத்து மணிக்கு நேரே இங்கே இறங்குகிறாள்.
‘அங்கே நான் துடைத்தால்
நான் வந்துபோன தடமே இருக்காது.
இங்கே பார்’ என்கிறாள்.
பார்த்தேன். ஈர மண்ணில்
அவள் ரப்பர் செருப்பின் அச்சு.

எவரிஸ்து, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார்.
மனைவி போனபின் ஏழு மாதம்
வாய் திறக்கவில்லையாம்.
அவரைப் பந்தலடியில் உட்காரவைத்தார்கள்,
சும்மா, வெயிலுக்கு.
ஏழு மாதம் கழித்து அவர் சொன்ன முதல் சொல்
‘அசுவினி.’
எல்லாரும் ஓடிவந்து
இலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.
உண்மைதான்.

சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.
மார்ச்சில் யாரோ குழாயை அறுத்தார்கள்.
மோல்டோவாவின் பராஸ்கோவியா வளர்த்த பூசணி
ஒரு சனிக்கிழமை இரவு
காம்பை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது.
அடுத்த பாத்தி அனிபாலுக்கும் சுல்மிராவுக்கும்
ஒரு வாளித் தண்ணீரில் தொடங்கிய சண்டை
மூன்று வாரம் நீண்டது.
மூன்றாம் வாரம் அவர் மருத்துவமனையில்.
திரும்பியபோது அவருடைய கீரை வாடவில்லை.
யார் ஊற்றியது என்று கேட்டார்.
‘மழை’ என்றாள்.
ஆகஸ்ட் மாதம் அது.

மழை என்றதும் நினைவு வருகிறது.
சரிவின் கீழே எங்கள் அடுக்ககம் ஒன்று.
நவம்பர் தோறும் நிலவறைக்குள்
முழங்கால் வரை சேறு.
இந்த நவம்பரில் அழைப்பே வரவில்லை.
பம்பை வண்டியில் ஏற்றி
நாங்கள் காத்திருந்ததுதான் மிச்சம்.
நீர் எங்கே போனது?
காய்ந்த தழை போர்த்திய பாத்தியில்
விரலை நுழைத்தேன்.
மணிக்கட்டு வரை போயிற்று.
வெளியே எடுத்தபோது
ஒரு மண்புழு கோபித்துக்கொண்டது.

இதையெல்லாம் எந்த அலகில் எழுதுவது?
எவரிஸ்துவின் சொல்லுக்கு மீட்டர் கணக்கா?
டயர் கிடந்த இடத்தில்
கொண்டலாத்தி ஒன்று கொண்டையை விரித்து
என் நாடாவின் நுனியைக் கொத்திப் பார்த்தது.
உணவில்லை என்று தெரிந்ததும்
அதன் மரியாதை போய்விட்டது.

கிளம்பும்போது பராஸ்கோவியா
ஒரு கட்டு சதகுப்பை தந்தாள்.
லஞ்சமா என்றேன்.
‘களை எடுத்தது. தூக்கிப்போட மனமில்லை.’
சுல்மிரா ஐந்து துவரைகளை
என் உள்ளங்கையில் எண்ணி வைத்தாள்.
எண்ணியதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிரவு அந்த ஐந்தையும்
மூன்றாவது கட்டத்தில் வைத்து
ஒளிபுகும் நாடாவால் ஒட்டினேன்.
பயன் கேட்ட இடத்தில் பயறு.
கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் படிவம் திரும்பி வந்தது.
‘பதில் தெளிவாக இல்லை.
எழுத்தில் நிரப்பவும்.’
சிவப்பு முத்திரை, தேதி, சுருக்கெழுத்து ஒப்பம்.

நாடாவின் ஓரம் ஒரு பக்கம்
நகத்தால் கவனமாகப் பிரிக்கப்பட்டிருந்தது.
எண்ணிப் பார்த்தேன்.
நான்கு.