தேர்ந்தவர்

சட்டத்துக்குள் ஒருவர் இருக்கிறார், பெயரில்லை.
உலகத்துக் காப்புரிமை ஆவணங்கள் அத்தனையும் படித்தவர்,
ஜப்பானியம், ஜெர்மன் எல்லாம் அத்துப்படி.
ஆனால் சொந்தமாக ஒன்றும் தோன்றாது அவருக்கு.
'இத்துறையில் தேர்ந்தவர்' என்பார்கள்.
அவருக்கு வெளிப்படை என்றால்
எங்கள் கட்சிக்காரருக்கு ஒன்றுமில்லை.

கட்சிக்காரர் மெஹ்பூப் பாஷா.
அம்பத்தூர் எஸ்டேட்டில் தகர ஷெட்.
மழை மாதங்களில் ஜெராக்ஸ் மெஷின்
இரண்டு தாளை ஒன்றாய் இழுக்காமலிருக்க
சற்றே சாய்ந்த தட்டு, மூலையில் ஒரு ரப்பர் நாக்கு.
நாலு டிகிரியா ஐந்தா என்பதற்கே
பதினெட்டு மாதம், மனைவியின் இரண்டு வளையல்.

கிண்டி அலுவலகம் மூன்று பத்தியில் முடித்துவிட்டது:
ஆவணம் ஒன்று, ஒசாகா. சாய்வு இருக்கிறது.
ஆவணம் இரண்டு, ஸ்டுட்கார்ட். நாக்கு இருக்கிறது.
சேர்த்துப் பார்த்தால் தெரிகிறது.

சேர்த்தது யார் என்பதுதான் மேல்முறையீடு.
நாளை சீனியர் எழுந்து சொல்வார்:
"விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள், மை லார்ட்.
ஒசாகாவுக்குத் தெரியுமா நம் ஐப்பசி ஈரம்?"

இரவு எட்டரை, தம்புச் செட்டித் தெரு.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், நான்கு செட்.
வெளியே பிடித்துக்கொண்ட மழை.
எழுபத்து மூன்றில் மெஷின் இருமி நின்றது.

எத்திராஜ் அண்ணன் திட்டவில்லை, தட்டவில்லை.
கல்லாவுக்குப் பின்னாலிருந்து
யாருடையதோ கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்தார்,
ஏற்கெனவே நான்காய் மடித்தது, மடிப்பெல்லாம் கறுத்தது.
தட்டுக்கடியில் செருகினார்.
அறுத்த ஹவாய் செருப்புத் துண்டை
மூலையில் அழுத்தினார்.
அங்கே அதன் அளவுக்கே ஒரு பசைத் தடம்.

"எத்தனை வருஷமா இப்படிண்ணா?"
"எவன் எண்ணான்? மழை வந்தா வைப்பேன்,
வெயிலடிச்சா எடுத்துடுவேன்."

தாள்கள் ஒவ்வொன்றாய் விழுந்தன,
வெதுவெதுப்பாக, ஒட்டாமல்.
எழுபத்து நான்கில் நான் எழுதிய வரி:
இதுநாள்வரை எவருக்கும் தோன்றாத.
என் கையெழுத்தும் கூடவே வந்தது, நான்கு தடவை.

"இன்னா கேஸ் மேடம்?"
"மெஷின் கேஸ்ணா."
"ஜெயிக்குமா?"
சில்லறை தேடினேன், கைப்பைக்குள் வெகுநேரம்.

தட்டுக்கடியில் துருத்திக்கொண்டிருந்தது பத்திரிகை.
மணமகள் பெயரில் பாதி தெரிந்தது.
முகூர்த்த நாள் உள்மடிப்பில் இருக்கும்,
வருடத்தோடு.

பிரித்துப் பார்க்கவில்லை.
பிளாஸ்டிக் கவரில் சுற்றிய செட்டுகளை
நெஞ்சோடு அணைத்தபடி
மழைக்குள் இறங்கினேன்.