நாற்பத்து மூன்றாம் பக்கம்

நீதிமன்ற ஆணை செவ்வாய்க்கிழமை வந்தது.
ஐம்பத்தேழு தளங்கள், ஒரே எக்செல் கோப்பு.
கெடு: வெள்ளி மாலை ஆறு மணி.

தை செங்கில் எங்கள் அலுவலகம்.
இயந்திரங்களுக்காக எந்நேரமும் குளிர்.
அங்கே நான் கதவடைப்பவள்.
பெயர் சொல்லி வழி கேட்டு வருகிறவனிடம்
அப்படியொரு முகவரியே இல்லை என்று
பொய் சொல்லக் கணினியைப் பழக்குகிறேன்.
அதற்குச் சம்பளம், மருத்துவச் சலுகை,
ஆண்டுக்குப் பதினெட்டு நாள் விடுப்பு.

பந்துவிளையாட்டு, கொரிய நாடகம்,
நேற்று வெளியான படம் என்று
முப்பது தளங்களைக் கொட்டாவியோடு அடைத்தேன்.
முப்பத்தொன்றாவது தமிழ்.
திறந்து பார்த்துத்தான் அடைக்க வேண்டும், விதி.
திறந்தேன்.
என் புத்தகம்.

அட்டை வெளிறியிருந்தது.
பக்க ஓரங்களில் யாருடைய கட்டைவிரலோ,
நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு.
பதிவிறக்கம்: ஆயிரத்து இருநூற்று ஆறு.

நான் அச்சிட்டது முந்நூறு.
விற்றது அறுபத்தெட்டு,
அதில் பதினொன்று சொந்தக்காரர்கள்
முகத்துக்காக வாங்கியது.
மிச்சமெல்லாம் புக்கிட் பாத்தோக் வீட்டுப் பதுங்கறையில்.
ஊரே இடிந்தாலும்
என் கவிதைகளுக்கு ஒன்றும் ஆகாது.

திருட்டு என்றால் ஏதாவது குறைய வேண்டுமே,
என்னிடம் என்ன குறைந்தது என்று
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
குறைந்ததாகத் தெரியவில்லை.
ஆனால் அட்டை வரைந்த சுலைஹாவுக்கு
இன்னும் இருநூறு வெள்ளி பாக்கி.
அவளிடம் போய் இதைச் சொல்ல முடியுமா,
ஆயிரத்து இருநூறு பேர் பார்த்துவிட்டார்கள் என்று?
பார்த்தவர்கள் கண்ணால் அவள் வாடகை கட்டுவாளா?

ஜொகூர் போய் வரும்போதெல்லாம் அப்பா
கெரோப்போக் பொட்டலத்துக்கு அடியில்
நாலைந்து திருட்டு விசிடி வைத்திருப்பார்.
சுங்கத்தில் என்னைச் சிரிக்கச் சொல்வார்.
நன்றாகச் சிரிப்பேன்.
அந்தச் சிரிப்புக்கு
எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவோ.

புத்தகத்துக்குக் கீழே ஒரு குறிப்பு.
கலியமூர்த்தி, துவாஸ்.
"43ஆம் பக்கம் கோணலா இருக்கு,
கடைசி நாலு வரி தெரியல.
யார்கிட்டயாவது இருந்தா போடுங்க."
ஒன்பது நாள் கழித்து, அவரே:
"யாரும் போடல. நானே எழுதிக்கிட்டேன்.

லிப்ட் நின்னா நிக்கட்டும்.
மேல இருக்கிறவங்க
எறங்கி வரட்டும்
ஒரு நாளைக்கு."

அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது
நட்சத்திரங்களைப் பற்றி.
லிப்டுக்குள்ளிருந்து
நட்சத்திரம் எப்படித் தெரியும்
என்று அப்போது தோன்றவில்லை.

அந்த நாலு வரி யாருடையது?
என் கவிதையின் வயிற்றில் பிறந்தது,
என்னை மாதிரி இல்லை.
மனு போட்ட படக்கம்பெனிகளின் பெயர்
ஆணையில் இரண்டு பக்கம் நீள்கிறது.
உரிமையாளர் நலன் என்று ஏழு இடத்தில் வருகிறது.
அவருக்கு வரிசை எண் இல்லை.
எனக்கும் இல்லை.
எங்களை யாரும் கேட்கவில்லை.

"அடைக்கலையா இன்னும்?"
கோப்பி ஓவோடு வந்து நின்றான் வெய் ஷான்.
"அடைச்சு என்ன, ஃபோன்ல ரெண்டு எண்ணை மாத்தினா
திறந்துடும். எல்லாருக்கும் தெரியும்."
எல்லாருக்கும் என்றால்
பன்னிரண்டு மணி நேரம் வெல்டிங் முடித்து
மேல்கட்டிலில் படுத்திருப்பவருக்குமா?
கேட்கவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு
மீன்சூப் கடை ரசீதின் பின்புறம்
நாலு வரியையும் எழுதிக்கொண்டேன்.
ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அடைத்தேன்.

இரவு பதுங்கறையில் ஒரு பெட்டியைப் பிரித்து
நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
நட்சத்திரங்களின் மேல்
அந்த ரசீதை ஒட்டினேன்.

அவரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும்.
எனக்குத் தெரிந்த ஒரே முகவரி
முப்பத்தொன்றாவது.