மூன்றாம் காலாண்டு

மதிய உணவுக்கு நாற்பது நிமிடம்.
ஒன்பதாவது நிமிடத்தில் அழைப்பு:
வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பாம்.
குரலுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும்.
போன வாரம் வேலை செய்தீர்களா?
செய்தேன்.
எத்தனை மணி நேரம்?
அட்டவணைப்படி நாற்பத்திரண்டு.
அட்டவணைக்கு வெளியே நின்றதை எழுத
அவரிடம் கட்டம் உண்டா என்று நான் கேட்கவில்லை.
மீ சியாம் ஆறிக்கொண்டிருந்தது.

எந்தத் துறை?
சுகாதாரம். படுக்கை இல்லாத சுகாதாரம்.
வந்தவர் அன்றே வீடு திரும்பும் வகை.
செம்பவாங் பலதுறை மருந்தகம், இரண்டாம் மாடி,
இரத்தம் எடுக்கும் அறை, நாற்காலி நான்கு.

தொழில்?
இங்கேதான் இருவரும் தடுமாறினோம்.

சேர்ந்தபோது பதிவு முகப்பு.
ஆறு சன்னல், ஆறு பேர்.
பிறகு இயந்திரங்கள் வந்தன.
அடையாள அட்டையை நீட்டினால் வரிசை எண்ணைத் துப்பும்.
எங்களில் இருவரை அவற்றின் பக்கத்தில் நிறுத்தி
வருகிறவர்களுக்கு அழுத்தக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள்.
ஏழு மாதம் அதுவே என் பணி:
என் பணியை இன்னொன்றின் கையில் ஒப்படைப்பது.
சியூ லிங் காணொளி மருத்துவத்துக்குப் போனாள்,
நூர்ஹயாத்தி நீரிழிவுக்காரர்களின் பாதங்களுக்கு.
பெஞ்சமின் வாடகைக் கார் ஓட்டுகிறான்.
எனக்கு ஊசி.

ஆறு வாரம் ரப்பர் கையில்,
அப்புறம் ஒருவர் கையில் ஒருவர்.
பயப்படவில்லை.
அங் மோ கியோவில் பதினாறு வருடம்
வன்தட்டுத் தொழிற்சாலை, இரவு முறை,
குறுணையிலும் சிறியதை நுண்ணோக்கிக்கு அடியில்
இடுக்கியால் எடுத்து வைத்த விரல்கள் இவை.
அந்த வரிசை முழுக்கத் தாய்லாந்துக்குப் போனது,
இயந்திரம், விளக்கு, நாற்காலி எல்லாம்.
விரல்களைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

எழுபது வயது நரம்பு
தொட்டால் உருளும், நழுவும்,
உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.
அடித்து எழுப்பக் கூடாது. காத்திருக்க வேண்டும்.
சிக்கிட் சாஜா, கொஞ்சம்தான் என்பேன்.
ஹொக்கியனில் சொன்னால் சிரிக்கிறார்கள்.
சிரித்து முடிப்பதற்குள் குழாய் நிறைந்துவிடும்.

இதையெல்லாமா அவரிடம் சொன்னேன்?
இல்லை. "இரத்தம் எடுக்கிறேன்" என்றேன்.
தாதியா? இல்லை.
ஆய்வகமா? இல்லை.
தட்டச்சு ஒலி நின்றது.

சென்ற மாதக் கூட்டத்தில் மேலாளர் காட்டிய திரையில்
இரண்டு கோடுகள்.
ஊழியர் எண்ணிக்கை, மேல்நோக்கி.
வருகிறவர் எண்ணிக்கை, அதைவிட மேல்நோக்கி.
நடுவே வெளிர்நீலத்தில் ஓர் இடைவெளி.
அழகான நிறம்.
அதற்குள்தான் நான் காலை ஏழே முக்காலிலிருந்து நிற்கிறேன்,
மூன்றாம் நாற்காலிக்கும் நான்காம் நாற்காலிக்கும் நடுவில்,
இலோய்லோவிலிருந்து வந்த மாரிவிக்
கனடாவுக்குக் கிளம்பியதிலிருந்து.
வழியனுப்பக் கேக் வெட்டினோம்.
அவள் சட்டை அளவு என்னுடையதே என்பதால்
மாற்றுச் சீருடை இரண்டை விட்டுப்போனாள்.
கணக்கில் அவள் ஒன்று குறைவு.
அலமாரியில் இரண்டு கூடுதல்.

உதவியாளர், வேறெங்கும் வகைப்படுத்தப்படாதவர்
என்று போடலாமா, அக்கா?
அந்த அக்கா படிவத்தில் இல்லாதது.
போடு தம்பி என்றேன்.

கடைசிக் கேள்வி:
வாய்ப்புக் கிடைத்தால்
இன்னும் கூடுதல் நேரம் உழைக்க விருப்பமா?

சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசை மருந்தாளர் திரும்பிப் பார்த்தார்.
அது ஆமாவா, இல்லையா என்று கேட்டது குரல்,
உண்மையிலேயே தெரியாமல்.
உன் வேலை நிரந்தரமா என்று கேட்டேன்.
டிசம்பர் வரை என்றான்.
அப்புறம்? என்றேன்.
சிறிது நேரம் இருவரும் கோட்டில் இருந்தோம்.

இல்லை என்றே போட்டுக்கொள் என்றேன்.

திரையில் 2147.
மீ சியாமை மூடி வைத்தேன்.
முழங்கைவரை சட்டையைச் சுருட்டியபடி
ஒருவர் வந்து உட்கார்ந்தார்,
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு,
கையை மட்டும் என்னிடம் தந்து.