முப்பத்தொன்பது

பேருந்தை விட்டு இறங்கியபோது முப்பத்தெட்டு.
தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
ஷெரில் கோவின் தலையை மட்டும் தொடவில்லை,
பின்னல் கலைந்தால் அவளுக்கு அழுகை வரும்.

மறைமாவட்டத்தின் ஆண்டு நிறைவுக்காக
திருச்சபைப் பள்ளிகளெல்லாம் இன்று நடக்கின்றன.
எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை,
ஒரே தண்ணீர்ப் போத்தல்,
கழுத்தில் தொங்கும் ஒரே அட்டை.
ஆலயத்துக்கு ஒரு முத்திரையாக ஐந்து கட்டங்கள்.
"ஒன்றாய் நடப்போம்" என்பது கருப்பொருள்.
அதை யோசித்தவர்
பிள்ளைகளை எண்ணிப் பார்த்தவராய் இருக்க முடியாது.

நான் தமிழாசிரியை.
திருநீறு இட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்,
முதல் ஆலயம்வரைகூட அது தாங்கவில்லை, அவ்வளவு வியர்வை.
உள்ளே எல்லாரும் நீரில் விரல் நனைத்து
நெற்றி, மார்பு, தோள், தோள் என்று வரைந்துகொள்ள
என் கைக்கு மட்டும் போக்கிடமில்லை.
ஆகவே எண்ணினேன்.
முப்பத்தெட்டு.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஊதுபத்திக் கட்டோடு ஓர் அம்மா
குவான் யின் வாசலில் நின்றாள்,
நாலெட்டு நடந்து கிருஷ்ணன் வாசலிலும் நின்றாள்.
"மிஸ், அவங்களுக்கு ரெண்டு முத்திரையா?"
கேட்டவன் ரெஜினால்ட் சவரிமுத்து.
எனக்குப் பதில் தெரியவில்லை.
மிஸ்டர் பெரேரா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

மிடில் ரோட்டை எட்டுமுன் வானம் கிழிந்தது.
கடைவீட்டு அஞ்சடியில் ஒதுங்கினோம்.
எதிர்த்திசையில் வந்த இன்னொரு பள்ளியும்
அங்கேயே ஒதுங்கியது.
நீலத்தோடு நீலம் கலந்து
யார் பிள்ளை யாருடையதென்று
கால்மணி நேரம் மழைக்கும் தெரியவில்லை.
பிஸ்கட் கைமாறியது.
பேனும் கைமாறியிருக்கலாம்.
மழை விட்டதும் அவர்கள் அந்தப் பக்கம்,
நாங்கள் இந்தப் பக்கம்.

எண்ணினேன். முப்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன், அதேதான்.

குறைந்தால் என்ன செய்வதென்று
பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்:
ஒரு படிவம், ஒரு தொலைபேசி எண், பதறாத குரல்.
கூடினால் என்ன செய்வதென்று
ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

அட்டைகளைப் பார்த்தேன்.
எல்லாருக்கும் முதல் இரண்டு கட்டங்கள் நிரம்பியிருந்தன.
ஒருவனுக்கு மட்டும் கடைசி மூன்று.

டெஸ்மண்ட் இங். எட்டு வயது. முன்பல் இல்லை.
அவன் ஆசிரியையை அழைத்துச் சொன்னேன்.
மறுமுனையில் ஒரு மூச்சு தரையில் உட்கார்ந்தது.
"ஏன் எங்களோடு வந்தாய்?"
காலணியைப் பார்த்துச் சொன்னான்.
அவர்கள் கிளம்பிய ஆலயத்தில் போத்தலை விட்டுவிட்டானாம்.
சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டதாம்.
நாங்கள் அந்தப் பக்கம்தானே போகிறோமாம்.

கூட்டிப் போனேன். வேறென்ன செய்ய.
மூன்றாம் கட்டத்தில் முத்திரைமேல் முத்திரை விழுந்தது,
நான்காவதிலும்.
குத்திய தொண்டூழியர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசி ஆலயத்தின் பக்கவாட்டு மேசையில்
மறந்துபோன போத்தல்கள். பதினேழு
(எண்ணாமல் இருக்க முடியவில்லை).
ஒன்றுக்கொன்று ஒரு வித்தியாசமும் கிடையாது.
அவன் ஒவ்வொன்றாய்க் காதருகே குலுக்கினான்.
ஆறாவதில் நின்றான்.
உள்ளே ஏதோ உருண்டு இடித்தது.
"கோலிக்குண்டு. மூழ்குமான்னு பார்த்தேன், மிஸ்."
"மூழ்கிச்சா?"
"மூழ்கிச்சு."

அவன் ஆசிரியை ஈரக் கூந்தலோடு ஓடி வந்தார்.
திட்டவில்லை. உச்சந்தலையில் கை வைத்தார்,
பாதியில் விட்ட எதையோ எண்ணி முடிப்பவரைப் போல.
ஐந்தாம் முத்திரையையும்
மேலேயே குத்தி வாங்கிக்கொண்டு போனான்.

பேருந்தில் ஏறியபோது முப்பத்தெட்டு. சரியான கணக்கு.
மிஸ்டர் பெரேரா கட்டைவிரலை உயர்த்தினார்.
நான் இன்னொரு முறை நடுவழியில் நடந்தேன்.
இருக்கை வார்கள் மாட்டும் ஓசை முப்பத்தேழு கேட்டது.
ஷெரில் கோ தூங்கிவிட்டாள்.
பின்னலில் கை படாமல் குனிந்து
அவளுடையதை நானே மாட்டினேன்.